வின்ச்சுக்கு முன்னாடி மண்வெட்டி

12 டன் எக்ஸ்பெடிஷன் டிரக் ஒண்ணு உங்க கையில இருக்குன்னு வைங்க. உள்ளேயே படுக்கை, சமையல் மேடை, தண்ணி டேங்க். போற இடம் சஹாரா. மணல்ல புதைஞ்சா வெளியே எடுக்க என்ன சாமான் வாங்குவீங்க?

ஹாஸ்டல்ல நான் கேட்ட எல்லாருமே சொன்ன முதல் பதில்: "பெரிய வின்ச்!"

கணக்கு போட்டுப் பார்ப்போம். இராணுவத்தில் ஒரு தம்ப் ரூல் உண்டு. சேற்றில் சக்கரத்தின் மையம் வரை புதைஞ்சா, இழுக்க வண்டியின் எடை அளவுக்கு விசை வேணும். ஃபெண்டர் வரை போயிட்டா இரண்டு மடங்கு, அதாவது 24 டன். சரி, அவ்வளவு பெரிய வின்ச்சே வாங்கிட்டீங்க. சஹாராவில் அதன் கயிறை எந்த மரத்துல கட்டுவீங்க? இழுத்துவிட இன்னொரு 12 டன் வண்டியும் அந்தப் பக்கம் வராது.

அதனால நான் கேள்வியையே திருப்பிப் போடுறேன். இழுவிசையைக் கூட்டுறது எப்படின்னு யோசிக்காம, தேவைப்படுற விசையைக் குறைக்கிறது எப்படின்னு யோசிங்க.

ரால்ஃப் பேக்னால்ட் 1920களிலேயே இதைச் செஞ்சு காட்டினார். அவர் பிரிட்டிஷ் இராணுவத்தின் பொறியாளர். சாதாரண ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்துக்குள் போனார். டயர் காத்தைக் குறைச்சார், சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு போட்டார். 1941இல் மணலின் இயற்பியல் பற்றிப் புத்தகமே எழுதினார்.

என் பட்டியலும் அந்த வரிசைதான்.

முதல்ல நீளக் கைப்பிடி மண்வெட்டி இரண்டு. அடுத்து பிரஷர் கேஜும் நீளமான ஏர் ஹோஸும். காத்தைக் குறைச்சா டயர் மண்ணில் பதியும் பரப்பு நீளும், அழுத்தம் குறையும். ஏர் பிரேக் உள்ள டிரக்ல கம்ப்ரசர் ஏற்கெனவே இருக்கு, திரும்ப காத்தடிக்க அதுவே போதும். மூணாவது மணல் பலகை. நாலு சக்கர வண்டின்னா ஒரு சக்கரத்துக்குச் சுமார் 3 டன். ஜீப்புக்குன்னு செஞ்ச பிளாஸ்டிக் பலகையை நம்பாதீங்க. ஜாக்கும், அது மணல்ல இறங்காம இருக்க அடியில் வைக்க ஒரு கட்டையும் வேணும்.

கயிறு, ஷேக்கிள், வின்ச் எல்லாம் இதுக்கப்புறம்தான். வாங்கும்போது பிரேக்கிங் ஸ்ட்ரெங்த்தைப் பார்த்து ஏமாறாதீங்க, வொர்க்கிங் லோட் லிமிட்டைப் பாருங்க. வின்ச்சோட ஸ்னாட்ச் பிளாக் போட்டா இழுவிசை இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். ஆனா பிளாக்கை ஒரு நங்கூரத்துல கட்டித் திசை திருப்பினா, அந்த நங்கூரத்தின் மேல கயிற்று விசையைப் போல இரண்டு மடங்கு வரை விழலாம். கயிறு, ஷேக்கிள், வண்டியின் கொக்கி, இதுல எது பலவீனமோ அதுதான் முதல்ல போகும்.

12 டன் வண்டி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துல போனா, அதன் இயக்க ஆற்றல் சுமார் 46 கிலோஜூல். 20இல் போனா 185. கைனடிக் கயிறு அதை இழுத்து வாங்கும்போது ஒரு ஷேக்கிள் தெறிச்சா? டோ பால் உடைஞ்சு பறந்து ஆட்கள் செத்திருக்காங்க. கயிறு விறைப்பா இருக்கும்போது பக்கத்துல யாரும் நிக்கக் கூடாது, வீடியோ எடுக்கவும்தான்.

மேல சொன்ன மண்வெட்டியும் காத்தும் பலகையும் தோத்தா என்ன ஆகும்? வேர்வையும் அரை நாளும் போகும். கயிறு தோத்தா ஆள் போயிடலாம். உங்க பட்ஜெட்டை எதுல ஆரம்பிக்கணும்னு இப்ப நீங்களே முடிவு பண்ணுங்க.