கரண்டி கரண்டியாக

பிள்ளைக்கு வயிற்றால் போகிறது என்று வரும் தாயிடம் எத்தனை தடவை போனது என்று நான் முதலில் கேட்பதில்லை. கடைசியாக எப்போது மூத்திரம் பெய்தான், அழுதால் கண்ணீர் வருகிறதா என்றுதான் கேட்பேன்.

பீடோங் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து சுங்கைப்பட்டாணிக்கு ஒரு தாய் வந்தார். பிள்ளைக்கு ஒன்றரை வயது, பத்துக் கிலோ. கண் குழிந்திருந்தது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் படிந்தது. தாயின் கையில் 100 பிளஸ் பானப் போத்தல். “ரெண்டு நாளா இதத்தான் டாக்டர் குடுக்குறேன்.” தாமானிலும் தோட்டத்திலும் எல்லாரும் சொல்லும் வைத்தியம் அது. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் பேதிக்கு வேண்டிய உப்பு இல்லை, சீனியோ அதிகம். மிஞ்சிய சீனி குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுக்கும்.

ஓ.ஆர்.எஸ். உப்புநீரில் உப்பும் குளுக்கோசும் அளவாக இருக்கும். இரண்டும் கைகோத்துக் குடல் சுவருக்குள் நுழையும். தண்ணீர் பின்னாலேயே போகும். 1971இல் வங்காள அகதி முகாமில் காலரா பரவி டிரிப் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தத் தண்ணீரைக் கொண்டே சாவை 30 விழுக்காட்டிலிருந்து 4க்கும் கீழே இறக்கினார். பத்துக் கிலோ பிள்ளைக்கு நான்கு மணி நேரத்தில் 750 மில்லி. ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடியும்.

“கிருமி மருந்து குடுங்க டாக்டர்” என்றார் கூட வந்த பாட்டி. தண்ணீராகப் போகும் பேதிக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். சால்மோனெல்லாவாக இருந்தாலும், திடமான பிள்ளைக்கு அந்த மருந்து பேதியைச் சீக்கிரம் நிறுத்தாது. கிருமி மலத்தில் கூடுதல் நாள் தங்கவும் கூடும். மூன்று மாதத்துக்கும் குறைந்த குழந்தையின் கதை வேறு. அங்கே கிருமி இரத்தத்தில் ஏறிவிடக்கூடும். காய்ச்சலோடு மலத்தில் இரத்தம் கண்டாலும் தயங்கமாட்டேன்: மலத்தைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு, சீதபேதிக்கு உடனே மருந்து தொடங்குவேன். சீதபேதியைக் கொண்டுவரும் சிகெல்லா கிருமிகள் நூறு போதும், இன்னொரு பிள்ளைக்குத் தொற்ற. தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் சவர்க்காரம் இருக்கிறதா என்று நான் விசாரிப்பது அதனால்தான். சீதபேதியையும் டைபாய்டையும் 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெற்றோர் பயப்படுவார்கள், அடுத்த வீட்டுப் பிள்ளைக்காக என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தாயிடம் பாக்கெட்டை மட்டும் கொடுத்தனுப்பினேன். 250 மில்லியில் கரைக்க வேண்டியதை அவர் சின்னப் பால் போத்தலில் கரைத்துவிட்டார். உப்பு மிஞ்சி, தாகத்தில் துடித்தபடி பிள்ளை திரும்பி வந்தான். பிழைத்தான். அந்தத் தவறு என்னுடையது. அன்றிலிருந்து 250இல் கோடு போட்ட போத்தல் என் மேசைமேல் இருக்கிறது. தாயே என் முன்னால் கரைக்க வேண்டும்.

பீடோங் தாயும் கரைத்தார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கரண்டி கரண்டியாக ஊட்டினார். மூன்று மணி நேரம் கழித்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார், சாரோங் மடியெல்லாம் ஈரமாக.

“பேஞ்சிட்டான் டாக்டர்!”