அம்மீட்டர் முள்

நெடுநாள் ஓடாது நின்ற வண்டியை உயிர்ப்பிக்க முனைவோர் முதலில் பெட்ரோலையும் கார்புரேட்டரையும் சந்தேகிப்பதே வழக்கம். பழைய புல்லட் போன்ற வண்டிகளிலோ முதலில் ஆராயத்தக்கது தீப்பொறியின் பாதை. அது சிறிய பாதைதான். பேட்டரி, சாவி, காயில், பாயிண்ட், கண்டென்சர், பிளக் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். வரிசை குலையாமல் ஒவ்வொன்றாய்ச் சோதித்துப் போனால் பழுது எங்கேனும் அகப்பட்டே தீரும்.

வத்திராயிருப்பைத் தாண்டிப் பிளவக்கல் அணைக்குச் செல்லும் வழியில் இருக்கிறது எங்கள் தென்னந்தோப்பு. அங்குள்ள மோட்டார் அறையில் 2011 முதல் ஒரு புல்லட் நின்றிருந்தது. 1955இல் தொடங்கப்பெற்ற என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் செய்தது. அப்பா 1979இல் வாங்கியது. அந்த வண்டியின் தாயகமான இங்கிலாந்தின் ரெடிச் தொழிற்சாலை 1967இலேயே மூடப்பட்டுவிட்டது. சென்னையில் மட்டும் அதே எஞ்சின் பல்லாண்டுகள் உருவாகிக்கொண்டிருந்தது.

2011இல் பக்கவாதம் அப்பாவின் வலக்கையையும் பேச்சையும் ஒருசேரக் கொண்டுபோயிற்று. வண்டி நின்றது அன்றைக்குத்தான். அண்மையில் பழைய இரும்புக்காரர் ஒருவர் விலை கேட்டு வந்தபோது, அப்பா இடக்கையை அசைத்து மறுத்துவிட்டார். அதன் பிறகே அண்ணன் தம்பி நாங்கள் இருவரும் ஸ்பேனரைக் கையில் எடுத்தோம்.

புதிய ஆறு வோல்ட் பேட்டரியைப் பொருத்தினோம். ஹாரன் ஒலித்தது, பிளக்கில் பொறி இல்லை. நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா, முன்விளக்கின் தலைப்பகுதியில் பதிந்துள்ள அம்மீட்டரைச் சுட்டினார். பிறகு இடக்கை விரல்களை மூடினார், விரித்தார், மீண்டும் மூடினார். சாவியைத் திருப்பி, டிகம்ப்ரஸரை அழுத்தியபடி கிக்கரை மெல்ல இறக்கச் சொல்கிறார் என்பது விளங்கிற்று. பாயிண்ட் மூடியிருக்கையில் காயிலுக்கு மின்சாரம் பாயும். முள் கழித்தல் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்தால் முள் நடுவுக்கு வரும். எங்கள் வண்டியின் முள் அசையவே இல்லை. எனவே பாயிண்ட் மூடியும் மின்சாரம் கடக்கவில்லை, அல்லது வழியில் எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது.

வலப்பக்கத்துச் சிறு மூடியைக் கழற்றினோம். அணையடிவாரத்து ஈரக்காற்று பாயிண்டின் முகத்தில் சாம்பல் நிறப் படலம் ஒன்றைப் படியவிட்டிருந்தது. மென்மையான உப்புத்தாளால் தேய்த்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, இடைவெளியை 0.35 மில்லிமீட்டருக்கும் 0.40 மில்லிமீட்டருக்கும் இடையே வைத்தோம். முள் சாய்ந்தது, நிமிர்ந்தது. அப்பா தலையசைத்தார்.

ஆயினும் பொறி மஞ்சளாகவும் வலுவற்றும் இருந்தது. பாயிண்டின் இடுக்கிலோ பளிச்சென்று வெளிச்சம் தெறித்தது. இது கண்டென்சரின் குறை. பாயிண்ட் திறக்கும் கணத்தில் மின்னோட்டம் சட்டென்று அறுபட்டால்தான் காயிலின் காந்தப்புலம் சரிந்து பல ஆயிரம் வோல்ட் எழும்பும். அப்படி அறுபடாமல் இடுக்கைத் தாவ முயலும் மின்சாரத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்வதே கண்டென்சரின் பணி. அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி, 1910இல் கேடிலாக் கார்களில் இடம்பெற்ற இந்த ஏற்பாடே உலகத்து வாகனங்களில் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. திருவில்லிபுத்தூரில் சிறு தொகைக்குக் கிடைத்த புதுக் கண்டென்சரைப் பொருத்தியதும் பொறி நீலமாயிற்று. பெட்ரோலில் நனைந்திருந்த பிளக்கை உலர்த்தி மாட்டினோம். நான்காவது உதையில் வண்டி பேசியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

கண்டென்சர் விற்ற மெக்கானிக் அண்ணாச்சி, பாயிண்டை எடுத்துவிட்டு மின்னணு இக்னிஷனைப் போட்டுக்கொள்ளுமாறு நல்லெண்ணத்தோடு சொன்னார். தேய்மானம் இல்லை, அடிக்கடி இடைவெளி பார்க்கவும் வேண்டாம். அவர் சொன்னது சரியே. நாள்தோறும் ஓட்டுபவர்க்கு அதுவே உகந்தது. மூடி முத்திரையிட்ட அந்தப் பெட்டி பழுதானால் மாற்றலாம். திறந்து பார்த்துக் காரணம் தேட இயலாது. அதில் அப்பாவுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. பாயிண்ட் இருக்கும்வரை, பேச்சிழந்த ஒருவரால் பதில் சொல்லக்கூடிய கேள்விகள் அந்த வண்டியில் இருந்துகொண்டே இருக்கும்.

ஆகவே பாயிண்டையே வைத்துக்கொண்டோம். உபரியாக ஒரு கண்டென்சரை மட்டும் வாங்கி டூல் பெட்டியில் போட்டிருக்கிறோம்.