டோனாவூர்: நம்பிக்கை குடிகொண்ட சிற்றூர்

நெல்லைச் சீமையின் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் டோனாவூர். வள்ளியூரிலிருந்து ஏர்வாடி வழியாகச் செல்வோமாயின், பனைகளும் காற்றாலைகளும் முதலிற் கண்ணுக்குத் தோன்றும். அப்பால் வயல்களும் வாழைத் தோட்டங்களும். அவற்றின் பின்னே நீல மலைத்தொடர். நம்மாழ்வார் பாடிய திருக்குறுங்குடியும் அண்மையிலேயே உள்ளது.

முன்னர் புலியூர்க்குறிச்சி என வழங்கிய இவ்விடத்துக்கு, பிரசிய நாட்டுப் பிரபுவான டோனா என்பார் நல்கிய பொருளுதவியை நினைந்து, றேனியஸ் ஐயர் இப்பெயரைச் சூட்டினார். கடல்கடந்த ஒருவரின் கொடை ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டது.

ஆயினும், இவ்வூரை உலகறியச் செய்தவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். 1867இல் அயர்லாந்திற் பிறந்த இவர், 1894இல் யப்பானிலிருந்து நம் இலங்கைக்கும் வந்து சில மாதம் தொண்டாற்றியவர். 1895இல் இந்தியாவை அடைந்தார். பின்னர் தாய்நாடு திரும்பவேயில்லை. 1901ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பண்ணைவிளையில் அவர் தங்கியிருந்த வேளை, கோயிலுக்குப் பொட்டுக்கட்ட விடப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமியொருத்தி தப்பியோடி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதே ஆண்டில் டோனாவூருக்குக் குடிபெயர்ந்த அம்மையாரை நாடிப் பின்னும் பல குழந்தைகள் வந்தனர். 1913இல் அவர்தம் தொகை நூற்றுமுப்பதாயிற்று. 1918 முதல் ஆண்குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முதலியோர் நெடுங்காலம் போராடினர். 1947இலேதான் சென்னை மாகாணத்தில் அதனைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது.

இத்தனை வாய்களுக்கும் சோறு எங்கிருந்து வந்தது? பொருள் வேண்டி எவரிடமும் கையேந்துவதில்லை என்பது அம்மையாரின் விரதம். தேவையை இறைவனிடமே சொல்லினர். வந்ததைக் கொண்டு வாழ்ந்தனர். இதனைச் சோம்பியிருப்போரின் நம்பிக்கை என எண்ணிவிடலாகாது. இரவெல்லாம் விழித்துக் கைக்குழந்தைகளைப் பேணியோரும், சமைத்தோரும், துணி வெளுத்தோரும், கற்பித்தோரும் அந்த நம்பிக்கையின் கைகளாக விளங்கினர். மன்றாடிய வாயும் உழைத்த கையும் ஒன்றாயிருந்தமையாலேயே அவ்வில்லம் இரண்டு உலகப் போர்களையும் தாங்கி நின்றது.

நம் உள்ளத்தைப் பெரிதும் தொடுவது வேறொன்று. குழந்தைகள் பலருக்குப் பிறந்தநாள் இன்னதென்று தெரியாது. ஆகவே, அவர்கள் இல்லத்துக்கு வந்துசேர்ந்த நாளையே விழாவாகக் கொண்டாடினர். ‘வேண்டாம்’ என விடப்பட்ட பிள்ளைக்கு, ‘நீ வந்த நாள் எமக்குத் திருநாள்’ என்று சொல்வதிலும் மேலான மதிப்பு வேறு உண்டோ? பணிசெய்வோரும் அவர்களுக்கு அக்காளும் சித்தியும் அண்ணாச்சியுமாயினர். உறவற்றோர்க்கு உறவு உண்டாயிற்று.

1931இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து அம்மையார் காலொடிந்தார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவருடைய உலகம் பெரும்பாலும் ஓர் அறைக்குள் அடங்கிற்று. வேதனை நீங்கவில்லை, எழுதுகோலும் ஓயவில்லை. நம்பிக்கை என்பது துன்பம் அணுகாதிருக்க இடும் வேலியன்று. துன்பத்தினுள்ளும் பயனுற வாழ்தற்கான வலிமை என்பதை அவ்வறையில் எழுதப்பெற்ற நூல்கள் உணர்த்துகின்றன.

1951 சனவரி 18ஆம் நாள் அவர் மறைந்தார். கல்லறைக்குக் கல் வேண்டாமென்பது அவர் விருப்பம். ஆகவே பிள்ளைகள், பறவைகள் நீராடும் கற்றொட்டியொன்றை அங்கே வைத்து, தாயெனப் பொருள்படும் ஒரு சொல்லை மட்டும் அதிற் பொறித்தனர்.

மாதக் கடைசியில் அரிசிப்பானையை எட்டிப் பார்த்துப் பெருமூச்செறியும் இல்லத்தலைவியரும், பரீட்சையில் தவறி ‘நான் எதற்கும் உதவேன்’ என மனமுடையும் மாணவரும் நம்மிடையே எத்தனை பேர்! அவர்கள் டோனாவூரை நினைத்தல் நன்று. நாளைய தேவையை ஆண்டவரிடம் ஒப்புவித்து, இன்றைய கடமையை முகங்கோணாது செய்வோமாக. நம் வாசலில் வந்து நிற்கும் ஒருவரையேனும் ‘நீ வந்தது நல்லது’ என்று வரவேற்போமாக.