தொண்ணூற்றைந்து சதவீதம்

2012ல் வந்த 'எக்ஸ்காம்: எனிமி அன்நோன்' விளையாட்டில் நம் படைவீரர் செத்தால் செத்ததுதான், திரும்ப வரமாட்டார். வீரர்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். ஒருத்திக்கு என் தங்கை பெயரை வைத்திருந்தேன்.

ஒருநாள் அவளைச் சுவர் மறைவிலிருந்து வெட்டவெளிக்கு ஓடவிட்டேன். எதிரே ஏலியன். சுட்டால் படுவதற்கு 95% வாய்ப்பு என்றது திரை. சுட்டேன். குறி தப்பியது. அடுத்து அது சுட்டது, தங்கை காலி.

விடுவேனா? சேமித்து வைத்திருந்த இடத்துக்குத் திரும்பிப் போனேன். அதே ஓட்டம், அதே குண்டு, அதே தப்பு. ஆறு தடவை!

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கணினி நிஜமாகத் தாயம் உருட்டுவதில்லை. ஒரு விதை எண்ணிலிருந்து கணக்குப் போட்டு வரிசையாக எண்களை எடுக்கிறது. எக்ஸ்காம் அந்த விதையையும் சேர்த்தே சேமிக்கிறது. அதே காரியத்தை அதே வரிசையில் செய்தால் அதே முடிவுதான்.

அப்போது நான் வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். ஒரு கம்பெனியில் 'கிட்டத்தட்ட கன்ஃபர்ம்' என்று சொன்னதை நம்பி, கடிதம் கைக்கு வருமுன்பே பழைய வேலையை விட்டிருந்தேன். கடைசியில் அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை என்று மெயில் வந்தது. தினமும் ராத்திரி அந்த இன்டர்வியூவை மனசுக்குள் ஓட்டுவேன். அந்தக் கேள்விக்கு வேற மாதிரி பதில் சொல்லியிருந்தா?

ஆச்சியோடு தாயம் ஆடியது ஞாபகம் வந்தது. ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும். ஆச்சிக்கு லேசில் விழாது. ஆனாலும் அவள்தான் ஜெயிப்பாள். பெருக்கல் குறி போட்ட கட்டத்தில் இருக்கும் காயை வெட்ட முடியாது, அவள் காய்கள் பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். "ஏலே, கட்டை அது இஷ்டத்துக்குத்தான் விழும். நீ எங்க நிக்கேங்கதப் பாரு" என்பாள்.

95% என்பது பெரிய எண்தான். ஆனால் அப்படி இருபது முறை சுட்டால், இருபதும் படுவதற்கான வாய்ப்பு வெறும் 36%. ஏதோ ஒன்று தப்பும் என்று வைத்துக்கொண்டுதான் ஆடணும்.

ஏழாவது தடவை தங்கையைச் சுவருக்குப் பின்னாலேயே விட்டு, வேறொருவனை மறைவிலிருந்து சுடச் சொன்னேன். அவனுக்கும் தப்பியது. ஆனால் யாரும் சாகவில்லை.

தப்பிய குண்டுக்கு நான் பொறுப்பில்லை. வெட்டவெளியில் போய் நின்றதற்கு நான்தான் பொறுப்பு. இரண்டையும் பிரித்துப் பார்த்ததில் பாதி பாரம் இறங்கிவிட்டது. அன்றைக்கு ராத்திரி இன்டர்வியூவை ஓட்டாமல் தூங்கினேன்.