கடைசிக் கேமராவுக்குப் போகும் மின்சாரம்

மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைமேம்பாலம் 2023 மே மாதம் திறக்கப்பட்டது. நீளம் 570 மீட்டர். ரங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல், பெட்டியும் பிள்ளையுமாகக் கடந்துவிட முடிகிறதே என்று மக்களுக்கு நிம்மதி. கேமரா மாட்டும் தொழிலில் இருப்பவர்களுக்கோ அந்த எண்ணைக் கேட்டதும் மனசில் வேறு கணக்கு ஓடும். ஈதர்நெட் கேபிள் ஒரே ஓட்டத்தில் போகக்கூடிய தூரம் 100 மீட்டர். அப்படியானால் 570 மீட்டரை எப்படிக் கடப்பது?

பாலத்துக்கு மட்டும் உரிய கேள்வி இல்லை இது. முன்வாசல் உஸ்மான் சாலையிலும் கிடங்கு பின்தெருவிலும் இருக்கிற கடைகள் தி.நகரில் ஏராளம். ஏ.கே. விசுவநாதன் காவல் ஆணையராக இருந்தபோது சென்னைப் போலீஸ் 'மூன்றாவது கண்' என்ற இயக்கத்தை நடத்தியது. கடைக்காரர்களும் குடியிருப்போரும் தெருவைப் பார்த்துக் கேமரா மாட்டத் தொடங்கிய பிறகு, கேபிளின் நீளம் ஒவ்வொரு சந்துக்குமான பிரச்சினை ஆனது.

இப்போது மாட்டப்படும் ஐபி கேமராக்களில் பலவும் பி.ஓ.இ. எனப்படும் 'பவர் ஓவர் ஈதர்நெட்' முறையில் இயங்குபவை. படம் திரும்பி வரும் அதே கேபிளில்தான் கேமராவுக்கு மின்சாரமும் போகிறது. கேமராவுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் வேண்டியதில்லை. ஏற்பாடு புதிது போலத் தெரியும், வம்சம் பழையது. கரண்ட் போன இரவிலும் வீட்டு லேண்ட்லைன் ஒலித்தது நினைவிருக்கும். தொலைபேசி நிலையத்து 48 வோல்ட் பேட்டரி, பேச்சு போகும் அதே ஜோடிக் கம்பியில் போனுக்கு மின்சாரம் தந்துகொண்டிருந்ததுதான் காரணம். 2000-இல் சிஸ்கோ நிறுவனம் தன் ஐபி போன்களுக்காக அதே யோசனையை நெட்வொர்க் கேபிளுக்குக் கொண்டுவந்தது. 2003-இல் 802.3ஏஎஃப் என்ற பொதுத் தரம் வந்தது. 2009-இல் 30 வாட், 2018-இல் 90 வாட் வரை வளர்ந்தது.

முதல் தரத்திலேயே ஓர் எண் கவனிக்க வேண்டியது. கேமராக்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சின் போர்ட்டிலிருந்து கிளம்புவது 15.4 வாட், மறுமுனைக் கருவிக்கு உறுதி சொல்லப்படுவது 12.95 வாட்தான். நடுவில் 2.45 வாட் கம்பியிலேயே சூடாகக் கரையும் என்று தரத்தை எழுதியவர்களே கணக்கு வைத்துவிட்டார்கள். கோடையில் மெட்ரோ வாட்டர் கடைசி வீட்டுக்கு வந்து சேர்வது போலத்தான்: குழாய் நீள நீள முனையில் அழுத்தம் குறையும்.

100 மீட்டர் வரம்பு முதலில் தகவலுக்காக வைத்தது. சுவரோடு ஓடும் கேபிள் 90, இரு முனைகளிலும் சேர்த்துப் பேட்ச் கேபிள் 10. அதைத் தாண்டினால் சமிக்ஞை தேய்ந்து, பக்கத்து ஜோடியின் இரைச்சலோடு கலந்துவிடும். தாண்டிய மறுநிமிடமே எல்லாம் நின்றுவிடாது என்பதுதான் இதில் வம்பு. 130 மீட்டரிலும் படம் வரும். மாட்டியவர் பணம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். சிக்கல் இருட்டிய பிறகுதான் வரும்.

"பகல்ல கண்ணாடி மாதிரி தெரியுது தம்பி, ராத்திரி ஆனா போயிப் போயி வருது" என்று கடைக்காரர் சொல்வது இந்தத் தொழிலில் அடிக்கடி கேட்கிற புகார். "கேமரா மேல குத்தமில்ல அண்ணாச்சி, ஒயரத்தான் பாக்கணும்" என்பார் விஷயம் தெரிந்த டெக்னீஷியன். இருட்டியதும் கேமராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். கேமரா இழுக்கும் மின்னோட்டம் கூடும். மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் வீணாவது நான்கு மடங்கு. முனையில் வோல்டேஜ் சரியும், கேமரா அணையும். சுமை நீங்கியதும் மறுபடி உயிர்பெறும், விளக்கெரியும், அணையும். திருடன் வரும் நேரத்தில் கண் மூடுகிற கேமரா யாருக்கு வேண்டும்?

நல்ல டெக்னீஷியன் ஏணியில் ஏறுவதற்கு முன் இரண்டு காரியம் செய்வார். கேபிளின் மேலுறையில் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சிட்டிருக்கும். ஸ்விட்ச் பக்க எண்ணையும் கேமரா பக்க எண்ணையும் கழித்தால் உண்மையான நீளம் தெரிந்துவிடும். தெருவில் எண்பது அடி என்று தோன்றுவது, மாடி ஏறி, பால்ஸ் சீலிங் சுற்றி இறங்கும்போது வேறாக இருக்கும். அடுத்து, ஒரு கம்பியின் நுனியை பிளேடால் சுரண்டுவார். உள்ளேயும் செம்பு நிறமென்றால் சரி. வெள்ளி போல் பளிச்சிட்டால் அது செம்பு பூசிய அலுமினியம். அலுமினியக் கேபிளின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். தரவிதிகள் அதை ஏற்பதே இல்லை. விலை குறைவு என்பதால் பெட்டி பெட்டியாக விற்கிறது. கேமராவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டுக் கேபிளில் மிச்சம் பிடிப்பது மகா தவறு.

சரி, தூரம் உண்மையிலேயே 180 மீட்டர். என்ன செய்வது? நடுவில் ஒரு பி.ஓ.இ. எக்ஸ்டெண்டர் வைப்பது எளிய வழி. கையடக்கப் பெட்டி, வரும் மின்சாரத்திலேயே தானும் இயங்கி, தேய்ந்த சமிக்ஞையைப் புதிதாக்கி, மிச்ச மின்சாரத்தோடு இன்னொரு 100 மீட்டருக்கு அனுப்பும். ஓரிரு வாட் அதற்கே செலவாகும் என்பதால், ஆரம்ப போர்ட் 30 வாட் தருவதாக இருப்பது நல்லது. ஒன்று வைக்கலாம், இரண்டும் வைக்கலாம். அதற்குமேல் அடுக்குவது வம்பை விலைக்கு வாங்குவது. ஆகாயப் பாலத்தின் 570 மீட்டரை இப்படிக் கடக்க ஐந்து பெட்டி வேண்டும். நடுவில் ஒன்று படுத்தால் அதற்கப்பால் எல்லாம் இருட்டு.

கேமரா ஸ்விட்சுகள் சிலவற்றில் '250 மீட்டர்' என்று ஒரு பொத்தான் இருக்கும். வேகத்தை 10 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கித் தூரத்தைக் கூட்டுகிற உபாயம் அது. ஒரு கேமராவின் படத்துக்கு அந்த வேகம் போதும். கேபிள் சுத்தச் செம்பாக இருந்தால் இது வேலை செய்கிறது. ஆனால் மின்சார இழப்பை எந்தப் பொத்தானாலும் குறைக்க முடியாது.

தூரம் இன்னும் கூடினால், அல்லது கேபிள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால், ஃபைபர்தான். கிலோமீட்டர் கணக்கில் போகும், மின்னலுக்கு அஞ்சாது. இரண்டு கட்டடங்களின் எர்த் ஒன்றாக இருப்பதில்லை. நடுவே தெருவுக்கு மேல் செம்புக் கேபிள் தொங்கினால், ஓர் இடியில் இருபக்க ஸ்விட்சும் போகலாம். வடகிழக்குப் பருவமழையும் தீபாவளி வியாபாரமும் ஒரே சமயத்தில் வரும் ஊர் இது. ஃபைபரில் மின்சாரம் போகாது என்பதால் அக்கரையில் சிறிய பி.ஓ.இ. ஸ்விட்சும் யுபிஎஸ்ஸும் வைக்க வேண்டும், செலவு கூடும். இருந்தாலும் தெரு தாண்டும் இடங்களில் வேறு வழியை யோசிக்கவே கூடாது.

2019-இல் 802.3சிஜி என்ற தரம் வந்திருக்கிறது: ஒரே ஒரு ஜோடிக் கம்பியில் 10 எம்பிபிஎஸ், 1 கிலோமீட்டர், கூடவே மின்சாரம். ஆலைகளை மனசில் வைத்து எழுதியது. கடைத்தெருக் கேமராக்களுக்கு அது வந்து சேரும்வரை எக்ஸ்டெண்டரும் ஃபைபரும்தான் துணை.

எக்ஸ்டெண்டரை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். பால்ஸ் சீலிங்குக்குள் வைத்து மூடிவிட்டால் மூன்று வருஷம் கழித்துத் தேடுகிறவருக்குக் கிடைக்காது. கை எட்டும் உயரத்தில், மழை படாத பெட்டியில் வைத்து, எந்தக் கேமராவுக்கு உரியது என்று மேலே எழுதி ஒட்ட வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு தாளில் கேபிள் போகும் வழியை வரைந்து கேட்டு வாங்கிக்கொள்வது கடைக்காரரின் உரிமை. பில்லில் 'சுத்தச் செம்பு' என்று எழுதச் சொல்வதும் அப்படியே. தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்கு முன், கடை அடைத்து விளக்கெல்லாம் அணைத்த பிறகு, கால் மணி நேரம் உட்கார்ந்து கடைசிக் கேமராவின் படத்தைப் பாருங்கள். ஒருமுறை அணைந்து வந்தாலும் மறுநாளே டெக்னீஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள்.