சருகு தேடி வரும் ஆறுமணிக்குருவி

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகும் சாலையில் முதலில் கண்ணில் படுவது அகத்தியன்பள்ளி உப்பளங்கள்தான். பார்க்கும் இடமெல்லாம் வெள்ளை, கண் கூசும். அதைத் தாண்டிக் கோடியக்காட்டை நெருங்கியதும் நிலமே மாறிவிடுகிறது. கடலை ஒட்டிய வெறும் மணல் மேட்டில், இலை உதிர்த்து மொட்டையாகாத காடு ஒன்று நிற்கிறது. மேலே உலக்கைப் பாலை. கீழே காரை, களா, சூரை, சங்கஞ்செடி என்று ஆள் நுழைய முடியாத முள் புதர். அதற்கும் கீழே, காலங்காலமாக விழுந்து மக்கிக்கொண்டிருக்கும் சருகு.

இங்கே வருகிறவர்கள் பூநாரையைப் பார்க்கிறார்கள், வெளிமானைப் பார்க்கிறார்கள், ராமர் பாதத்தில் ஏறிக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். புதருக்குள் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும் ஆறுமணிக்குருவியைப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால், ஐப்பசி மாதத்தில் அதன் குரலைக் கேட்காதவர்கள் அந்தப் பக்கத்தில் இருக்க முடியாது. விடியற்காலை ஆறு மணியை ஒட்டியும், அந்தி ஆறு மணியை ஒட்டியும் இரண்டு சுரத்தில் தெளிவாக ஒரு விசில். ஒன்று கூப்பிட்டால் தள்ளியிருக்கும் இன்னொன்று பதில் கொடுக்கும். கடிகாரம் இல்லாத காலத்தில் வைத்த பெயர் இல்லை என்று சிலர் கேலி செய்வதுண்டு. பெயர் என்னவோ பொருத்தமானதுதான். 'தோட்டக்கள்ளன்' என்று இன்னொரு பெயரும் இருக்கிறது. தோட்டத்தில் அது எதையும் திருடுவதில்லை. ஒளிந்து ஒளிந்து நடமாடுவதால் வந்த பழி!

மைனாவைவிடச் சிறியது. வால் இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்குக் குட்டை. முதுகு பச்சை, இறக்கையில் பளிச்சென்ற நீலம், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, தொண்டை வெள்ளை, வயிறு மங்கலான மஞ்சள், வாலடியில் குங்குமச் சிவப்பு. வடக்கே இதை 'நவரங்' என்கிறார்கள். இத்தனை நிறம் இருந்தும், நிழலில் சருகின் மேல் அசையாமல் நின்றுவிட்டால் பத்தடி தூரத்தில்கூடத் தெரியாது. ஆள் அரவம் கேட்டால் உயரப் பறக்காமல் நாலு தத்து தத்திப் புதருக்குள் போய்விடும். இரவு தங்குவது மட்டும் மரக்கிளையில்.

இது நம் ஊரில் முட்டையிடும் பறவை அல்ல. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன்பாகத் தெற்கே புறப்படுகிறது. பயணம் இரவில்தான். தமிழ்நாட்டில் தங்குபவை போக, மீதி கடல் தாண்டி இலங்கைக்குப் போகின்றன. யாழ்ப்பாணத்துத் தமிழர்களுக்கும் அது ஆறுமணிக்குருவிதான். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கோடியக்கரை இந்த வழியில் ஒரு முக்கியமான தங்குமிடம். சாலிம் அலியின் காலம் தொட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தினர் இங்கே வலைகட்டிப் பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டு ஆராய்ந்ததற்குக் காரணமும் இந்த இட அமைப்புதான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது இந்தப் பறவைகள் வந்து சேர்ந்திருந்த காலம். காட்டில் மரங்கள் முறிந்தன. வேதாரண்யம் பகுதியில் தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்து கிடந்த காட்சியை அந்தப் பகுதி விவசாயிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காட்டுக்கு வெளியே இந்தக் குருவிக்குக் கிடைத்த இரண்டாவது வீடு அந்த மாந்தோப்புகள்தான். அடர்ந்த நிழல், ஈரம் காயாத தரை, வேலியோரப் புதர் என்று அதற்கு வேண்டிய எல்லாமும் அங்கே இருந்தன.

பிறகு நட்ட ஒட்டு மாங்கன்றுகள் வளர்ந்து நிழல் கட்டத் தொடங்கிவிட்டன. நிழல் திரும்பினாலும் சருகு திரும்பவில்லை என்பதுதான் இப்போதைய கவலை. தோப்பு 'சுத்தமாக' இருக்க வேண்டும் என்று கூட்டித் தீ வைக்கிறார்கள், மீதிக்குக் களைக்கொல்லி, உயிர்வேலியை எடுத்துவிட்டுக் கம்பிவேலி. புழு, வண்டு, கரையான், மண்புழு என்று சருகுக்கு அடியில் இருப்பதைக் கொத்தித் தின்னும் பறவைக்கு அந்தத் தரையில் எதுவும் இல்லை. ஆறுமணிக்குருவி வந்தால் தோப்பில் பூச்சித்தொல்லை ஒழிந்துவிடும் என்று சொன்னால் அது மிகை. ஆனால், மணற்பாங்கான நிலத்தில் சருகைக் கொளுத்துகிறவர், ஈரத்தைப் பிடித்துவைக்கும் மூடாக்கையும் காசில்லாமல் கிடைக்கும் மக்கையும் சேர்த்தே கொளுத்துகிறார். கருகல் நோய் கண்ட குச்சிகளையும் கவாத்துக் கழிவையும் அப்புறப்படுத்தி எரிப்பது சரி. நல்ல சருகை அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளிப் பரப்பிவிட்டாலே போதும். வேலியோரம் ஒரு பக்கமாவது காரையும் களாவும் நிற்கட்டும்.

ஐப்பசியில் இன்னொன்றும் நடக்கும். இரவெல்லாம் பறந்து களைத்த குருவி, விளக்கு வெளிச்சத்துக்கு வந்து சுவரில் மோதி, வீட்டுத் திண்ணையிலோ மாட்டுக் கொட்டகையிலோ விழுந்து கிடக்கும். பிள்ளைகள் சோறும் பாலும் ஊட்டப் பார்ப்பார்கள்; அது கூடாது. காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து வைத்து, பூனை அண்டாத இருட்டான இடத்தில் ஓய்வெடுக்க விடுங்கள். தெளிந்ததும் அந்தி சாயும் நேரத்தில் புதர் பக்கம் திறந்துவிடலாம். இறக்கை ஒடிந்திருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைத்துக்கொண்டால், 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சித்திரையில் மாங்காய் முற்றும்போது விசில் சத்தம் குறைந்து, ஒரு நாள் நின்றுவிடும். ஆடி மழையில் இமயமலை அடிவாரத்துக் காட்டில் புல்லையும் காய்ந்த இலையையும் சேர்த்து, பக்கவாட்டில் வாசல் வைத்த உருண்டைக் கூடு ஒன்றைக் கட்டி, நாலைந்து வெள்ளை முட்டைகளை அது அடைகாத்துக்கொண்டிருக்கும்.