மாசியில் வா, மரக்காணம் போகலாம்

கூட்டேரிப்பட்டு,
கார்த்திகை 12

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குத்தான் மழை பெய்தால் மூட்டுவலி கூடிவிடுகிறது. பினாங்கிலிருந்து நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. ஆலம்பரைக் கோட்டை, மரக்காணம், கழுவெளி, ஆரோவில், புதுச்சேரி, அரிக்கமேடு என்று கடலோரம் முழுவதையும் ஒரே நாளில் பார்க்கத் தனி வண்டியும் வழிகாட்டியும் வேண்டும் என்று கேட்டிருந்தாய். வண்டி பேசியாயிற்று. ஆளும் பார்த்தாயிற்று. பட்டியலில் பாதியை நான் அடித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

அரிக்கமேடு 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமாபுரி வணிகத்துக்குச் சான்று எடுத்த இடம். அதை ஓடுகிற வண்டியிலிருந்து எட்டிப் பார்க்க முடியுமா? புதுச்சேரி அருங்காட்சியகத்தோடு சேர்த்து அதற்கென்று ஒரு நாள் ஒதுக்குவோம். இந்த முறை திண்டிவனம் வழியாக மரக்காணம், அங்கிருந்து வடக்கே கடப்பாக்கம் பக்கம் ஆலம்பரைக் கோட்டை, அவ்வளவுதான். அம்மாவும் வருகிறாள். அவள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, நினைத்தபோது எழுந்து போவதற்குத்தானே தனி வண்டி?

நீ தை மாதம் என்றாய். மாசிக்கு மாற்றிக்கொள். தையில் கழுவெளியில் பறவை இருக்கும். ஆனால் உப்பளத்தில் பாத்தி மிதித்துக் கட்டுகிற வேலைதான் நடக்கும். பங்குனி பிறந்தால் உப்பு குவிந்திருக்கும். வலசை வந்த பறவை கிளம்பத் தொடங்கிவிடும். மாசியில் இரண்டும் கண்ணில் படும். மாசி மகத்தன்று மட்டும் வேண்டாம். நம் மயிலம் முருகனே அன்று தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் போய்விடுவார். கடலோரச் சாலையில் வண்டி நகராது.

விடியுமுன் ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். முதலில் கழுவெளி. பழவேற்காட்டுக்கு அடுத்தபடி தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பூநாரை, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை எல்லாம் வரும். பிள்ளைகளுக்கு ஒரு தொலைநோக்கி எடுத்து வா. பளபளக்கிற சட்டை வேண்டாம்.

அடுத்தது உப்பளம். வெயில் ஏறுவதற்குள் உப்பளத்துக்காரர்கள் வேலையை முடித்துவிடுவார்கள். அதற்குமுன் போய்விட வேண்டும். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைப் பறிக்கும், எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடி வேண்டும். காலில் சிறு கீறல் இருந்தாலும் உப்புத் தண்ணீர் பட்டால் எரியும். மூடின செருப்பு போடு. வரப்பில் மட்டும் நடக்கச் சொல். யாரையும் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வை.

பூமீஸ்வரர் கோயில் அம்மாவுக்காக. சோழர் காலக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. நடை சாத்துமுன் தரிசனம் முடித்து, சவுக்குத் தோப்பு நிழலில் சாப்பாடு. வெயில் தாழ்ந்து மூன்றரை மணிக்கு மேல்தான் ஆலம்பரை. 1750இல் தக்காண சுபேதார் முசாபர் ஜங் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குக் கொடுத்த கோட்டை. 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். ஒரு காலத்தில் நாணயம் அடித்த இடம், 2004 சுனாமியிலும் அடிபட்டது. மிச்சமிருக்கிற செங்கல் சுவர் மேல் யாரும் ஏற வேண்டாம். கழிமுகத்தில் படகு விடுவார்கள். மாலைக் காற்று பலமாக இருந்தால் படகுக்காரர் சொல்கிறபடி கேட்போம். மிதவைச் சட்டை இல்லாத படகில் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன்.

வழிகாட்டி மரக்காணத்துக்காரர், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். கூலியை முன்பே பேசிவிட்டேன்; கடைகளுக்குக் கூட்டிப்போய் நேரம் கடத்துகிற ஆள் இல்லை. அவர் பேச ஆரம்பித்தது சிறுபாணாற்றுப்படையிலிருந்துதான். பரிசு பெற்ற பாணன் இன்னொரு பாணனுக்கு வழி சொல்லுகிற பாட்டு அது. பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். ஆலம்பரைக் கோட்டை இருப்பதும் இடைக்கழிநாட்டில்தான். பாட்டில் வருகிற எயிற்பட்டினம் மரக்காணம் என்றும், கிடங்கில் நம் திண்டிவனத்துக் கிடங்கல் என்றும் அறிஞர்கள் சொல்கிறார்கள். எந்த ஊரில் யார் என்ன சோறு போடுவார்கள் என்பதுவரை அந்தப் பாணன் சொல்கிறான்: கடற்கரையில் சுட்ட குழல்மீன், வேலூரில் புளியிட்ட சூடான சோறு, ஆமூரில் நண்டோடு சோறு. இடத்தின் பெயரை மட்டும் சொல்லாமல் அங்குள்ள மனிதரையும் அடுப்பையும் சொன்னான் பார், அப்படிச் சொல்கிறவர்தான் வழிகாட்டி. பிள்ளைகள் ஊருக்கு வருகிறதற்குள் அந்தக் கதையை ஒருமுறை அவர்களுக்குச் சொல்லிவிடு. திரும்பும்போது கிடங்கல் வழியாகத்தானே வருவோம், கேள்வி கேட்டுத் துளைப்பார்கள்.

புளிச்சோறும் தயிர்ச்சோறும் நான் கட்டி எடுத்துக்கொள்கிறேன். மீன் குழம்புக்கு மரக்காணத்தில் ஒரு வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். நீ கொண்டுவர வேண்டியது தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மாற்றுத் துணி, அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி. தண்ணீரும் மோரும் என் பொறுப்பு. கடலில் இறங்கிக் குளிப்பது கிடையாது. அங்கே இழுப்பு எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது. முழங்கால் நனைத்தால் போதும்.

வண்டிக்காரர் முன்பணம் கேட்கிறார். மாசியில் எந்தத் தேதி என்று இந்த வாரத்துக்குள் எழுது.

அன்புடன்,
அக்கா